ரோட்டிலும் வருணாசிரமமா?

நமது நாட்டில் ஒரு மனிதனை அவனுடைய அறிவைக் கொண்டோ, நடத்தையைக் கொண்டோ மதிப்பிடும் வழக்கம் வெகு அபூர்வமாகும். அவன் என்ன ஜாதி, எந்தத் தெரு, கையில் எவ்வளவு பணம் என்று பார்த்துத்தான், அவனுக்கு வழி விடுவதா அல்லது அவனை வழியைவிட்டு விரட்டுவதா என்று முடிவு செய்து வந்திருக்கின்றோம். கோவில், குளம், பந்தி என்று எங்கும் பரவியிருந்த இந்தப் புத்தி, இன்று மோட்டார் ஓடுகின்ற ரோட்டிலும் ஏறி உட்கார்ந்து கொண்டு, பல பேருடைய உயிரை வாங்கி வருகின்றது. பெரிய கார் வைத்திருப்பவர்கள் சிறிய காரைத் தாண்டிப் போகும் முறையைப் பற்றியே சொல்லுகின்றோம்.

சங்கதி என்னவென்றால், நெடுஞ்சாலையில் ஒரு சிறிய கார் தன் வரிசையில் ஒழுங்கான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பின்னால் ஒரு பெரிய கார் வரும். எதிரே லாரி வருவதோ, முன்னால் வளைவு இருப்பதோ அதை ஓட்டுகின்றவருக்கு ஒரு பொருட்டல்ல. சிறிய காரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு விளக்கை அடித்து அடித்துக் காட்டுவார். விடாமல் ஹாரன் அடிப்பார். பிறகு இடது பக்கமோ வலது பக்கமோ கிடைத்த சந்தில் புகுந்து, தாண்டின மாத்திரத்தில் மூக்குக்கு நேராக வெட்டித் திருப்புவார். சிறிய காரில் இருப்பவர் பிரேக்கை அழுத்தி, ரோட்டோரத்து மண்ணில் இறங்கி உயிர் தப்ப வேண்டும். இதே கனவானுக்கு முன்னால், அவருடைய காரைவிட விலை கூடின கார் ஒன்று அதே வேகத்தில் போனால் என்ன செய்கின்றார்? தள்ளி நின்று அடக்கமாகப் பின்தொடருகின்றார். ஹாரன் அடித்தாலும் மரியாதையாக ஒரு தடவை அடிக்கின்றார். அப்படியானால் முன்பு இருந்த அவசரம் இப்போது எங்கே போயிற்று என்று கேட்கின்றோம்.

"சிறிய கார் மெதுவாகப் போகின்றது, அதனால் தாண்டுகின்றோம். இதில் உயர்வு தாழ்வு எங்கிருந்து வந்தது?" என்று சிலர் கேட்கலாம். இதற்கு நாம் ஊகமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் டூப், கிராஸ் என்னும் இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதைப் பரீட்சை செய்தே பார்த்து வெளியிட்டிருக்கின்றார்கள். சிக்னலில் பச்சை விளக்கு விழுந்த பிறகும் வேண்டுமென்றே ஒரு காரை நகர்த்தாமல் நிறுத்தி வைத்தார்கள். சில தடவை அது விலை உயர்ந்த கிரைஸ்லர் கார். சில தடவை பழைய மலிவுக் கார். பழைய காருக்குப் பின்னால் அகப்பட்டுக் கொண்டவர்களில் நூற்றுக்கு 84 பேர் ஹாரன் அடித்தார்கள். உயர்ந்த காருக்குப் பின்னால் நின்றவர்களில் நூற்றுக்கு 50 பேரே அடித்தார்கள். இரண்டு பேர் ஹாரன் அடிக்கவும் பொறுமை இல்லாமல் பழைய காரின் பின்பக்கத்தில் இடித்தே விட்டார்கள். அந்த இரண்டு கார்களும் வழியை மறித்ததில் ஏதாவது வித்தியாசம் உண்டா? இரண்டும் அசையாமல்தான் நின்றன. வித்தியாசமெல்லாம் காரின் விலையில்தான் இருந்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதே ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களிடம், "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று எழுதிக் கேட்டார்கள். ஆண் பிள்ளைகள், "பணக்காரக் காருக்குத்தான் முதலில் ஹாரன் அடிப்போம்" என்று வீரமாகப் பதில் எழுதினார்கள். ஆகவே, வாயில் சமத்துவமும் கையில் அடிமைப் புத்தியும் இருப்பது நமது நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. ஆனால் நமக்கோ அந்தப் புத்திக்கு இரண்டாயிரம் வருஷத்துப் பயிற்சியும் கூடவே இருக்கின்றது.

நிற்க. இந்த முந்துதலால் அடைகின்ற லாபம்தான் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றது; பெரிய கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் அதைத் தாண்டப் பார்க்கின்றது என்று வைத்துக் கொள்வோம். பின்னால் கொஞ்சம் இடம், முன்னால் கொஞ்சம் இடம், இரண்டு காரின் நீளம் எல்லாம் சேர்த்து 60 மீட்டராவது அதிகப்படியாகப் போனால்தான் ஒழுங்காகத் தாண்டி வரிசையில் சேர முடியும். வேகத்தின் வித்தியாசம் 20 கிலோமீட்டர்தான் ஆதலால், இதற்கு ஏறக்குறைய 11 விநாடி பிடிக்கும். அந்த 11 விநாடியில் பெரிய கார் சுமார் 240 மீட்டர் ஓடிவிடும். எதிரே 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்ற பஸ்ஸும் அதே நேரத்தில் 240 மீட்டர் வந்துவிடும். ஆகவே, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தூரம் ரோடு காலியாகக் கண்ணுக்குத் தெரிந்தாலல்லாமல் தாண்டக் கூடாது என்று ஏற்படுகின்றது. இவ்வளவு ஆபத்தை விலையாகக் கொடுத்து வாங்குவது என்ன? வரிசையாக வண்டிகள் போகும் ரோட்டில் ஒரு காரைத் தாண்டினால், அந்த ஒரு காரின் இடம்தான் கிடைக்கும். அதற்கு மதிப்பு இரண்டு மூன்று விநாடி! அடுத்த ரயில்வே கேட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை நாம் தினமும் பார்த்துத்தான் வருகின்றோம்.

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கினபோது, ஆத்தூர், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் புறவழிப் பகுதிகளை இரண்டு வழியாகவே விட்டார்கள். நான்கு வழியில் தங்கு தடையின்றி வந்த கை, இரண்டு வழியாகச் சுருங்கின இடத்திலும் அடங்க மறுத்ததனால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது அந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். ரோடு போட்டவர்களின் குற்றம் ஒரு பங்கு என்றால், "எனக்கு முன்னால் இவனா?" என்ற ஆணவத்தின் குற்றம் மற்றொரு பங்காகும்.

இனி சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதைப் பார்ப்போம். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் தாண்டுவதற்கு விதிகள் இருக்கின்றன. பொதுவாக வலது பக்கமாகத் தாண்ட வேண்டும். வளைவிலும் மேட்டின் உச்சியிலும், முன்னால் பார்வை எட்டாத இடத்திலும் தாண்டக் கூடாது. தாண்டப்படுகின்ற வண்டி அப்போது வேகத்தைக் கூட்டக் கூடாது என்பவையே அவற்றின் சாரம். இந்த விதிகளில் எங்காவது காரின் விலை, நீளம், உயரம், கம்பெனிப் பெயர் இவைகளைப் பற்றி ஒரு வார்த்தையாவது உண்டா? கிடையாது. 2019-இல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, சட்டத்துக்கு விரோதமாகத் தாண்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. முதல் தடவைக் குற்றத்துக்கு 6 மாதம் முதல் 1 வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனையும் வைத்திருக்கின்றது.

சட்டம் முன்னுரிமை கொடுக்கும் இடங்களையும் கவனிக்க வேண்டும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி விட வேண்டும் என்கின்றது. அங்கே ஒரு உயிர் காத்திருக்கின்றது. குறுகலான மலைப் பாதையில், இறங்கி வரும் வண்டி ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்கின்றது. ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடியும் கிளப்புவது கஷ்டம். அதாவது கஷ்டப்படுகின்றவனுக்கும் அவசியமுள்ளவனுக்கும் வழி விடு என்பதே ரோட்டின் தர்மம். மந்திரிகளும் அதிகாரிகளும் தலையில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு ஊரை விரட்டிய வழக்கமே 2017 மே 1-ஆம் தேதியோடு ஒழிக்கப்பட்டுவிட்டது. விளக்கு போன பிறகும் அதன் திமிர் மட்டும் தனிப்பட்டவர்களின் கார்களில் குடியேறி இருப்பதை எப்படிச் சகிப்பது?

காரின் அந்தஸ்து என்பது எவ்வளவு பொய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 1983-இல் மாருதி 800 வெளிவந்தபோது அதற்காகப் பெரிய மனிதர்கள் என்பவர்களே வரிசையில் காத்துக் கிடந்தார்கள். 2014-இல் அதன் உற்பத்தி நின்றபோது அதே கார் இளக்காரமாகிவிட்டது. அதே 796 சி.சி. இயந்திரம்தான், கெட்டுப் போனது பார்க்கிறவர்களின் புத்தி. ஸ்கூட்டரில் நாலு பேராக மழையில் நனைந்து போகும் குடும்பங்களை நினைத்துச் செய்ததாகச் சொல்லி, 2008-இல் ரத்தன் டாட்டா நானோ காரைக் காட்டினார். லட்ச ரூபாய்க் கார் என்ற பெயரே அதற்கு எமனாயிற்று. மலிவான கார் என்று முத்திரை குத்தினது தவறு என்று பின்னாளில் அவரே சொன்னார். 2018-ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றது. அது தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், மழையில் நனைந்தாலும் நனைவோம், ஏழைக் கார் என்ற பெயர் மட்டும் வேண்டாம் என்று ஜனங்களை நினைக்கச் செய்த சமூகத்தை என்னவென்று சொல்லுவது!

இவ்வளவும் பெரிய கார்க்காரர்களை மாத்திரம் குற்றம் சொல்லுவதாக யாரும் சந்தோஷப்பட வேண்டாம். பெரிய கார் தன்னை மிரட்டினது என்று வயிறெரிகின்ற சிறிய கார்க்காரர், அடுத்த நிமிஷமே தனக்கு முன்னால் போகும் மோட்டார் சைக்கிளை அதே ஹாரனால் விரட்டுகின்றார். மோட்டார் சைக்கிள்காரர் சைக்கிளை விரட்டுகின்றார். சைக்கிள்காரர் நடந்து போகின்ற கிழவியைப் பார்த்து, "வீட்டிலே சொல்லிட்டு வந்தியா?" என்கின்றார். தனக்கு மேலே இருப்பவன் உதைப்பதைப் பொறுத்துக்கொண்டு, தனக்குக் கீழே ஒருவன் இருக்கின்றான் என்பதில் திருப்தி அடைவதுதான் ஜாதிப் படிக்கட்டின் சூட்சுமம். அதே படிக்கட்டைச் சக்கரம் வைத்து ரோட்டில் உருட்டி விட்டிருக்கின்றோம். அதன் பலன் யார் தலையில் விழுகின்றது? 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ரோட்டு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கையே சொல்லுகின்றது. அவர்களில் நூற்றுக்கு 44.5 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 பேர் நடந்து போனவர்கள். அந்த வருஷம் விபத்தின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதல் இடம் நமது தமிழ்நாட்டுக்குத்தான், 64,105 விபத்துகள்!

மோதலின் கணக்கும் இப்படியே இருக்கின்றது. 2,100 கிலோ வண்டியும் 700 கிலோ வண்டியும் எதிரெதிரே மோதினால், சிறிய வண்டிக்கு ஏற்படும் வேக மாற்றம் பெரிய வண்டிக்கு ஏற்படுவதைப் போல் மூன்று மடங்காகும். ஆதலால் பெரிய வண்டிக்காரர் செய்யும் தவறுக்குத் தண்டனை அனுபவிப்பவர் பெரும்பாலும் சிறிய வண்டிக்காரர். யாருடைய கையில் அதிக பலம் இருக்கின்றதோ அவருக்கே அதிகப் பொறுப்பு என்பது இதிலிருந்து தானே விளங்கும்.

இதற்கெல்லாம் நமது ஜனங்கள் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம் எலுமிச்சம்பழம்! புதுக் கார் வாங்கினால் நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து நசுக்குகின்றார்கள், பூசணிக்காய் உடைக்கின்றார்கள், முன்னால் கறுப்புக் கயிறு கட்டுகின்றார்கள். பிறகு அந்தத் தைரியத்தில் வளைவில் முந்துகின்றார்கள். உடைத்த பூசணிக்காயில் வழுக்கி விழுவது பின்னால் வரும் சைக்கிள்காரன். விபத்து நடந்துவிட்டாலோ, "எல்லாம் விதி" என்று தலையில் கை வைத்துக் கொள்ளுகின்றார்கள். ஆம், விதிதான். ஆனால் அது பிரமன் எழுதின விதி அல்ல. மனிதன் அறிவைக்கொண்டு எழுதி, நாம் படிக்காமல் விட்டுவிட்ட ரோட்டு விதி.

சிறிய கார் ஓட்டும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய கார் ஹாரன் அடித்தவுடன் பயந்து மண்ணில் இறங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. உங்கள் வரிசையில், உங்கள் வேகத்தில் நேராகப் போங்கள். அதே சமயம், "டப்பா வண்டி என்றா நினைத்தாய்?" என்று ரோஷப்பட்டு, தாண்ட வருகின்றவரைத் தாண்டவிடாமல் வேகத்தைக் கூட்டுவது சுயமரியாதை ஆகாது, அது அவருடைய நோயையே நீங்களும் வாங்கிக்கொள்வதாகும். இடமிருந்தால் ஒதுங்கி வழி விடுவது பெருந்தன்மை. இடமில்லாதபோது ஒதுங்க மறுப்பது உரிமை. இந்த இரண்டையும் பிரித்து அறிவதே பகுத்தறிவு.

பெரிய காரின் பின் சீட்டில் சாய்ந்திருக்கும் முதலாளிமார்களுக்கும் சொல்லுகின்றோம். "என்னப்பா, இந்தத் தகர டப்பாவுக்குப் பின்னாலேயே போகிறாய்?" என்று நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி, சம்பளத்துக்கு ஓட்டுகின்ற டிரைவரின் காலை ஆக்ஸிலேட்டரில் அழுத்துகின்றது. விபத்து நேர்ந்தால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கின்றவர் அந்த ஏழை டிரைவர். வீம்பு மட்டும் உங்களுடையது.

திருவிதாங்கூரில் கீழ்ஜாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் பொது ரஸ்தாவில் போகக் கூடாது என்றிருந்த காலத்தில், 1893-ஆம் ஆண்டில் அய்யன்காளி ஒரு வில்லு வண்டியில் ஏறி அந்த ரஸ்தாவிலேயே ஓட்டிக்கொண்டு போனார். 1924-இல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றின தெருவில் நடப்பதற்காகவே மக்கள் சிறை சென்றார்கள். ரோடு எல்லோருக்கும் பொது என்ற ஒரு சாதாரண உண்மையை நிலைநாட்ட இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. அப்படிப் பெற்ற பொது ரோட்டில், பிறவிக்குப் பதிலாகக் காரின் விலையை வைத்து மறுபடியும் "எட்டிப் போ" என்று சொல்ல ஒருவருக்கு என்ன பாத்தியதை இருக்கின்றது?

ஆகவே, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் கியர் போடவும் ஸ்டியரிங் திருப்பவும் கற்றுக் கொடுப்பதோடு நில்லாமல், தாண்டும் கணக்கையும் ஒரு நாள் பாடமாகச் சொல்லித்தர வேண்டும். போலீசார் ஹெல்மெட்டுக்கு நிறுத்துவதைப் போலவே, வளைவில் முந்துகின்ற பெரிய காரையும் தைரியமாக நிறுத்தி 184-வது பிரிவை உபயோகிக்க வேண்டும். வண்டி ஓட்டுகின்ற ஒவ்வொருவரும், முன்னால் போவது கார் அல்ல, ஒரு மனிதன் என்பதை நினைக்க வேண்டும். தாண்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "ரோடு காலியாக இருக்கின்றதா?" என்பது ஒன்றே. "முன்னால் போகிறவன் யார்?" என்று கேட்கின்றவனுக்கு வண்டி ஓட்ட லைசென்ஸ் கொடுத்ததே தப்பு என்பது நமது அபிப்பிராயம்.