தளம் நம்மை வாழ வைத்ததா, நாம் தளத்தை வாழ வைத்தோமா?



ராணுவ முகாம் வேலிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். லுமுட் கடற்படைத் தளத்திற்கு அருகே சித்தியவான், ஆயர் தாவார் பகுதிகளில் இருக்கிறார்கள். பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தைச் சுற்றியும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது ஒரு தலைவர் மேடையேறி, “தளமும் சுற்றுவட்டார மக்களும் அண்ணன் தம்பி மாதிரி, ஒருவருக்கொருவர் ஆதரவு” என்று பேசுவார். நாமும் கைதட்டுவோம். பிறகு நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

அந்தப் பேச்சு முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளம் வந்தால் ராணுவ லோரிதானே வருகிறது? 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது படகும் லோரியும் தாமதமாக வந்தன என்ற கோபம் இருந்தது உண்மை. வந்த பிறகு அந்தச் சேற்றில் இறங்கி உழைத்த சிப்பாய்களை நாம் மறக்கவில்லை. ஆனால் “ஒருவருக்கொருவர்” என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள்? போகும்போது யார் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்?

இதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் செம்பவாங் கடற்படைத் தளத்தின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. ஜொகூரில் இருக்கும் பல குடும்பங்களுக்கு அது தாத்தா வேலை பார்த்த இடம்.

அந்தத் தளத்தைக் கட்டுவதென்று பிரிட்டன் 1923இல் முடிவெடுத்தது. நிலத்தை இலவசமாகக் கொடுத்தது நீரிணைக் குடியேற்ற அரசு. 1926இல் மலாயாவின் கூட்டு மாநிலங்கள் 20 லட்சம் பவுன் நன்கொடை அறிவித்தன. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும்தான் அந்தக் கூட்டு மாநிலங்கள். அவற்றுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. ரப்பர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை நாலரை மணிக்குப் பெரட்டுக்கு நின்ற நம் பாட்டன் பாட்டியின் வியர்வையில் ஒரு பங்கு, அவர்கள் கண்ணால் காணாத ஒரு தளத்தின் அஸ்திவாரத்துக்குப் போனது. ஆகவே “தளம் தமிழனுக்குச் சோறு போட்டது” என்று யாராவது சொன்னால், முதல் பிடி அரிசியை யார் கொடுத்தது என்று திருப்பிக் கேளுங்கள்!

சதுப்பு நிலத்தை மேடாக்கி, ஆற்றைத் திருப்பி, சுமார் 1,000 அடி நீளமுள்ள கப்பல் பழுதுபார்க்கும் துறையை 1938 பிப்ரவரியில் திறந்தார்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரை வைத்தார்கள். தெருக்களுக்கு கான்பெரா, டர்பன், ஜிப்ரால்டர், கனடா என்று சாம்ராஜ்யம் முழுவதையும் கொண்டுவந்து பெயர் வைத்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1942இல், ஜப்பான்காரன் தரைவழியாக வந்து பிடித்துக்கொண்டது வேறு கதை.

போருக்குப் பிறகு அந்தத் தளம் ஒரு தனி ஊராக வளர்ந்தது. கொதிகலன் வேலை, சாயம் அடிப்பது, பற்றவைப்பது, சுமை தூக்குவது, கிடங்குக் கணக்கு, சலவை, முடிதிருத்தம், தோட்டவேலை, வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் சமையலும் பிள்ளை பார்ப்பதும் என்று எல்லா வேலைக்கும் ஆசிய ஆட்கள்தான். தமிழர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் இருந்தார்கள். இந்தியர்களில் மலையாளிகள் பெருந்தொகையாக இருந்தார்கள், அதையும் மறைக்க வேண்டாம். வேலிக்கு வெளியே சோங் பாங் கிராமத்தில் தையல் கடையும் சாப்பாட்டுக் கடையும் சம்பள நாளை நம்பிப் பிழைத்தன.

அங்கே வேலை பார்த்த பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். குறை சொல்வதற்கு முன் நல்லதைத்தான் சொல்வார்கள். மாதா மாதம் தவறாத சம்பளம். தங்க இடம். மருந்துக்கு டிஸ்பென்சரி. பிள்ளைகள் விளையாடத் திடல். தோட்டத்து லயத்தில் இருந்து போனவனுக்கு அது பெரிய முன்னேற்றம்தான். அந்த நன்றியுணர்ச்சியை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் லயத்தில் இருந்த அதே சுருக்கு அங்கேயும் இருந்தது. வேலை இருக்கும் வரைதான் வீடு. வேலை போனால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும்.

சம்பளமும் தானாகக் கூடவில்லை. 1952 டிசம்பர் கடைசியில் கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கத்தின் கீழ் ஏறத்தாழ 10,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த நேரம் அது. சங்கம் என்று வாயெடுத்தாலே கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்திப் பிடித்துப் போவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில், சாம்ராஜ்யத்தின் மிகப் பெரிய தளங்களில் ஒன்றை நிறுத்திக் காட்டினார்கள் நம் பாட்டாளிகள். பின்னாளில் அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்த எஸ். வூட்ஹல், பெயர்தான் அப்படியே தவிர சந்திரசேகரன் என்ற நம்மவர், 1963 பிப்ரவரியில் நடந்த பெருங்கைது நடவடிக்கையில் பிடிபட்டார். தளம் மனமிரங்கிக் கொடுத்ததாக இன்று சொல்லப்படும் பல வசதிகளுக்குப் பின்னால் இப்படிச் சிறை சென்றவர்கள் இருக்கிறார்கள். பாராட்டு விழாக்களில் இந்தப் பகுதியை யாரும் வாசிப்பதில்லை!

சாமி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்று ஈசூனில் பங்குனி உத்திரம் என்றால் காவடிக் கூட்டம் அலைமோதும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், 1960களில் தளத் தொழிலாளி ஒருவர் கான்பெரா சாலை ஓரத்தில் ஒரு மரத்தடியில் தொடங்கிய வழிபாடுதான். அதை வளர்த்தது தொழிலாளர்களின் சில்லறைக் காசு. பிற்காலத்தில் இடம் மாற வேண்டி வந்து, இப்போது தொழிற்பேட்டைக்குள் நிற்கிறது. தளம் போய்விட்டது, கோயில் இருக்கிறது. ஆட்கள் சேர்ந்து கட்டியது நிலைத்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி முக்கியமான கட்டம். 1968 ஜனவரியில் லண்டனில் வில்சன் அரசாங்கம், சூயெஸ் கால்வாய்க்குக் கிழக்கே இருந்து படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. சிங்கப்பூரின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களின் செலவைச் சார்ந்திருந்தது. நேரடியாக வேலை பார்த்தவர்களே 20,000க்கு மேல். சிங்கப்பூர் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தளங்களைப் பொருளாதாரப் பயன்பாட்டுக்கு மாற்றத் தனி இலாகா அமைத்தது, தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி கொடுத்தது, கப்பல் பட்டறையை எடுத்து அதே 1968இல் செம்பவாங் ஷிப்யார்ட் என்று தொடங்கியது. பிரிட்டன் 5 கோடி பவுன் உதவியும் கொடுத்தது. அந்த உதவியில் பெரும்பகுதி கடன்தான்.

ஆனால் அந்த மறுவாழ்வு யாருக்கு? குடியுரிமை உள்ளவனுக்கு! நீங்கள் தளத்தில் 20 வருடம் கொதிகலனுக்குள் புகுந்து துரு சுரண்டியிருக்கலாம். உங்கள் கையில் இந்தியக் கடப்பிதழோ மலேசிய அடையாளக் கார்டோ இருந்தால், 1965 பிரிவினைக்குப் பிறகு நீங்கள் வேலை அனுமதிக்குக் கை கட்டி நிற்கும் அந்நியர். வேலை, வீடு, இருக்கும் உரிமை மூன்றும் ஒரே நேரத்தில் ஆடின. எத்தனையோ பேர் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு அது சொந்த ஊரே இல்லை.

இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? அதே 1968இல் இங்கே வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டப் பாட்டாளிகள் அனுமதி இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றார்கள். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். ஜொகூர் பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நம் மக்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: “உழைத்தது சரி, காகிதம் எங்கே?”

அதனால்தான் சொல்கிறேன். தளத்துக்கும் மக்களுக்கும் உள்ள உறவை நன்றி, பாசம் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால், விடைபெறும் நாளில் நமக்குக் கைகுலுக்கல்தான் மிஞ்சும். துரைமார் இருந்த கறுப்பு வெள்ளை பங்களாக்கள் இன்றும் செம்பவாங்கில் அழகாகப் பாதுகாக்கப்பட்டு வாடகைக்கு விடப்படுகின்றன. தொழிலாளர் குடியிருப்புகளைத் தேடிப் போனால் காண்பது அரிது. பட்டறைக்கும் கை மாறி, பெயர் மாறி, 2023 முதல் சீட்ரியம் என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவு 1992இல் செம்பவாங்குக்கு வந்தது. கப்பல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

1967 டிசம்பரில் மலேசியக் கடற்படைக்கு முதல் உள்நாட்டுத் தளபதியாக நியமிக்கப்பட்டவர் கே. தனபாலசிங்கம். வயது 31. 1976 வரை அவர்தான் தலைமை. அன்று நம் கடற்படையின் தலைமைத் தளமே செம்பவாங்குக்குப் பக்கத்தில், உட்லண்ட்ஸில் இருந்த கே.டி. மலாயா. பிற்பாடுதான் லுமுட்டுக்கு வந்தது. ஒரு தமிழர் தலைமையேற்ற கடற்படை இது. இன்று எத்தனை தமிழ்ப்பள்ளிகளில் அவர் படம் மாட்டியிருக்கிறது? ஆயுதப்படையில் இந்தியர், சீனர் எண்ணிக்கை மிகக் குறைவு என்று நாடாளுமன்றத்தில் எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பதே இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். போனால் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் மேலே ஏற விடமாட்டார்கள் என்று நாம் சொல்கிறோம். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது என்பது என் கருத்து. விண்ணப்பிக்காமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவதை நிரூபிக்க முடியாது. விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், எடுத்தவர்கள் எத்தனை பேர், பத்து வருடம் கழித்துப் பதவி உயர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று இனவாரியாக ஆண்டுதோறும் வெளியிடாமல் அவர்களாலும் முதலாவதை நிரூபிக்க முடியாது.

2024 ஏப்ரல் 23ஆம் தேதி லுமுட்டில் கடற்படை அணிவகுப்பு ஒத்திகையின்போது இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி 10 பேர் இறந்தார்களே, அவர்களில் நம் சமூகத்து இளைஞர் ஒருவரும் இருந்தார். நாட்டுக்காகச் சாவதில் இன ஒதுக்கீடு கிடையாது. சேர்ப்பதில் மட்டும் நாம் ஏன் விளிம்பில் நிற்க வேண்டும்?

இன்னொரு கூட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. பிறப்புப் பத்திரம் இல்லாமலும் சிவப்புக் கார்டோடும் இன்னும் இந்த நாட்டில் வளர்ந்துகொண்டிருக்கும் நம் பிள்ளைகள். தளம் வீட்டிலிருந்து கால் மைல் தூரத்தில் இருந்தாலும், குடியுரிமை இல்லாத பிள்ளை அந்த வாசலில் விண்ணப்பம் வாங்கக்கூட நிற்க முடியாது. 1968இல் தாத்தாவை விரட்டிய அதே காகிதம்தான் இன்று பேரனையும் தடுக்கிறது.

அடுத்த முறை உங்கள் தாமானுக்குப் பக்கத்து முகாமிலிருந்து ஒற்றுமை விருந்துக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். சாப்பிடுங்கள், பேசுங்கள், அந்த அதிகாரிகளும் நம்மைப் போலச் சம்பளத்துக்கு உழைப்பவர்கள்தான். பேச்சோடு பேச்சாக இதையும் கேளுங்கள்: முகாமின் சமையல், துப்புரவு, சலவைக் குத்தகைகளில் சுற்றுவட்டார ஆட்களுக்கு எத்தனை இடம்? அந்தக் குத்தகைக்காரர் குறைந்தபட்சச் சம்பளமும் சேமநிதியும் ஒழுங்காகக் கட்டுகிறாரா? ஆள் சேர்ப்புக் குழு கடைசியாகத் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்கு எப்போது வந்தது? முகாம் ஒருநாள் இடம் மாறினால், வேலியோரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு என்ன ஏற்பாடு? 1988இல் ஆஸ்திரேலியர்கள் பட்டர்வொர்த் தளத்தை மலேசியாவிடம் ஒப்படைத்துக் குடும்பங்களோடு பெருமளவு கிளம்பியபோது, அந்த வீடுகளை நம்பியிருந்த வேலைக்காரப் பெண்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை.

செம்பவாங்கிலோ பட்டர்வொர்த்திலோ வேலை பார்த்த தாத்தா, பாட்டி உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களுடைய தள நுழைவு அட்டை, சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது இவையெல்லாம் பழைய டிரங்குப் பெட்டியில் எங்கேயாவது கிடக்கும். தீபாவளிக்கு வீடு கழுவும்போது குப்பையோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளையின் குடியுரிமை விண்ணப்பத்தில், இந்தக் குடும்பம் எத்தனை ஆண்டுகளாக இங்கே வாழ்கிறது என்று காட்ட அந்த மஞ்சளான அட்டை உதவலாம். நகல் எடுத்து, அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.