சாவியை நீட்டும் அண்ணன்மார்களுக்கு ஒரு சண்டைக் கடிதம்

நவம்பர் கடைசி வாரம் ஆனால் போதும், எட்மன்டனில் இருக்கும் நம் மாணவர் கூட்டத்தில் ஒரு சடங்கு ஆரம்பித்துவிடும். ஊருக்கு டிக்கெட் போட்ட சீனியர் அண்ணன் ஒரு நாள் பிரியாணிக்குக் கூப்பிடுவார். நாமும் நம்பிப் போவோம். சாப்பிட்டு முடித்து கை கழுவும்போது தோளில் கை விழும். "தம்பி, மூணு வாரம்தான்டா. மூணு நாளைக்கு ஒரு தடவை போய் வண்டியை ஒரு பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சிடு. இல்லேன்னா குளிர்ல செத்துடும்." கையில் சாவி.

இந்தச் சடங்கை ஒழிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும். நான் சொல்ல வருவது இதுதான்: பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது காரைக் காப்பாற்றாது, கெடுக்கும். அதற்காக ஒரு மனுஷனை மைனஸ் முப்பத்தைந்தில் வெளியே அனுப்புவது அதைவிடப் பெரிய தப்பு.

முதலில் என் கதை. 2023 டிசம்பர், எனக்கு இங்கே முதல் குளிர்காலம். என்னிடம் இரண்டு சாவிகள். ஒரு வண்டி பக்கத்துக் கட்டடத்தில், இன்னொன்று பதினைந்து நிமிட நடை தூரத்தில். டிசம்பர் முழுக்கப் பெரிதாகக் குளிரவில்லை, கடமையைச் செய்து வந்தேன். ஜனவரி இரண்டாம் வாரம் குளிர் அலை வந்தது. இரவில் மைனஸ் 40-க்கும் கீழே போனது. காற்றும் சேர்ந்து மைனஸ் 40 போல உறைத்தால், திறந்த தோல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உறையலாம் என்பது கனடா வானிலைத் துறையின் எச்சரிக்கை. என் நடையே பதினைந்து நிமிடம்!

போய்ச் சேர்ந்தால் ரிமோட் வேலை செய்யவில்லை. அதற்குள் இருக்கும் குட்டி பேட்டரிக்கும் குளிர்தானே. கதவைச் சாவியால் திறக்கக் கையுறையைக் கழற்றினேன். பூட்டில் பனி. மூன்று நான்கு நிமிடப் போராட்டம். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்'. அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தபோது வலது கையில் இரண்டு விரல் நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. உணர்ச்சி திரும்பியபோது வந்த வலியை எழுத்தில் சொல்ல முடியாது. விரல் பிழைத்தது. ஆனால் இன்றும் குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் தேய்த்தால் அந்த இரண்டும் மட்டும் தனியாக வலிக்கும்.

அண்ணன் திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா? "ஒழுங்கா ஸ்டார்ட் பண்ணியிருந்தா ஏன்டா பேட்டரி போகுது?"

அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். உட்காருங்கள் அண்ணே, கணக்குப் போடுவோம்.

நிறுத்தி வைத்த கார் தூங்குவதில்லை. அலாரம், கடிகாரம், ரிமோட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் கருவி, கணினி எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள வண்டியிலேயே இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். 40 என்று வையுங்கள். 23 நாளுக்குக் கணக்கிட்டால் சுமார் 22 ஆம்பியர்-மணி. ஒரு சாதாரண கார் பேட்டரியின் கொள்ளளவு 55 அளவில். அதாவது முழுசாக நிரம்பிய பேட்டரியிலேயே ஐந்தில் இரண்டு பங்கு காலி. ஆனால் நம் பேட்டரி எங்கே முழுசாக நிரம்பியிருந்தது? வீட்டிலிருந்து காம்பஸ், காம்பஸிலிருந்து மளிகைக் கடை என்று குட்டிக் குட்டியாக ஓட்டுகிற வண்டி அது.

அடுத்தது இன்னும் முக்கியம். பேட்டரிக்குள் இருப்பது அமிலமும் தண்ணீரும். நிறைந்த பேட்டரி மைனஸ் 60 வரை கூட உறையாது. பாதி காலியானால் மைனஸ் 25-ஐ ஒட்டி உறையத் தொடங்கும். முழுக்கக் காலியானால் மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்துவிடும். எனவே "குளிர்ல பேட்டரி செத்துடும்" என்பது பாதி உண்மை. காலியான பேட்டரிதான் குளிரில் சாகும். உறைந்து உப்பிய பேட்டரிக்கு இன்னொரு வண்டியிலிருந்து பூஸ்ட் கொடுக்கவே கூடாது, வெடிக்கலாம். அப்படிப்பட்ட வண்டியின் பானெட்டைத் திறக்க ஒரு புதுப் பையனையா அனுப்புவீர்கள்?

"அதுக்குத்தான்டா பத்து நிமிஷம் ஓடவிடச் சொன்னேன், சார்ஜ் ஏறும்ல?" என்பீர்கள். ஏறாது அண்ணே. கூழாக இறுகிப்போன எஞ்சின் ஆயிலைக் கிழித்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றுவதற்கே பேட்டரியிலிருந்து ஒரு பெரிய கவளம் போய்விடும். ஓட ஆரம்பித்ததும் ஹீட்டர் விசிறி, பின்கண்ணாடி ஹீட்டர், விளக்கு, சீட் ஹீட்டர் எல்லாம் தட்டை நீட்டும். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சினின் ஆல்டர்னேட்டர் கொடுப்பதில் பெரும்பகுதி அவற்றுக்கே சரியாகிவிடும். மிச்சம் மீதி வந்தாலும், உறைகுளிரில் இருக்கும் பேட்டரி சார்ஜை மிக மெதுவாகத்தான் வாங்கும். செலவு நிச்சயம், வரவு சந்தேகம்.

அது பேட்டரி கதை. எஞ்சினுக்கு நடப்பது இன்னும் மோசம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 0.9 லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. எஞ்சினும் புகைக்குழாயும் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் வெளியே போய்விடும். பத்து நிமிடத்தில் அந்தச் சூடு வராது. ஈரம் ஆயிலில் கலக்கும், சைலன்சரில் தேங்கும், நீங்கள் அணைத்ததும் ஐஸாகும். எஞ்சின் மூச்சுவிடும் குழாய்க்குள் ஐஸ் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல் பிதுங்கி, ஆயில் வெளியே கொட்டும். மூன்று வாரத்தில் ஏழு முறை இதைச் செய்வதற்குப் பெயர் பராமரிப்பா?

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "ப்ளாக் ஹீட்டரைச் சொருகிட்டுப் போறேன், கவலையில்லை." நம்மூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே கார்களின் மூக்கிலிருந்து ஒரு மின்சார ப்ளக் எலி வால் மாதிரி தொங்கும். எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டருக்கான இணைப்பு அது. வடக்கு டகோட்டாவின் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் இப்படியொரு ஹீட்டருக்கு 1949-இல் காப்புரிமை வாங்கினார். அருமையான பொருள்தான். ஆனால் அது எஞ்சினைத்தான் சூடாக்கும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது! அதற்குத் தனியாக மெயின்டெய்னர் என்ற சின்ன சார்ஜர் வேண்டும். வண்டியை எடுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு ஹீட்டரைப் போட்டால் போதும். 400 வாட் ஹீட்டர் மூன்று மணி நேரத்துக்கு 1.2 யூனிட். 23 நாளும் விடாமல் ஓடினால் 220 யூனிட். ஆளில்லாத வண்டிக்கு எதற்கு? 2024 ஜனவரி 13 அன்று மாலை ஆல்பர்ட்டா முழுக்க எல்லாருடைய செல்போனிலும் அவசரச் செய்தி அலறியது. மின்சாரம் பற்றாக்குறை, தேவையில்லாத விளக்கை அணையுங்கள், ப்ளாக் ஹீட்டர் போடுவதைத் தள்ளிப்போடுங்கள் என்று. அன்றைக்குச் சென்னையில் இருந்த ஓர் அண்ணனின் ஹீட்டர் இங்கே மும்முரமாக யாருமில்லாத காரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது :-)

சரி, திட்டியது போதும். செய்ய வேண்டியது என்ன? எல்லாம் கிளம்புவதற்கு முன்பு நீங்களே செய்யக்கூடியவை.

ஒன்று, பேட்டரியைச் சோதியுங்கள். ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஐந்து வருடம் தாண்டிய கிழட்டு பேட்டரி என்றால் ஊருக்குப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது சி.சி.ஏ. எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18-இல் முப்பது விநாடிக்கு எவ்வளவு ஆம்பியர் தர முடியும் என்பதுதான் அது.

இரண்டு, முந்தின இரவு சார்ஜர் போட்டு முழுசாக நிரப்புங்கள். கிளம்பும் அன்று ஒரு ஸ்பேனரால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 10 மி.மீ. போதும். குடிக்க ஆளில்லாவிட்டால் நிறைந்த பேட்டரி மூன்று வாரம் என்ன, அதற்கு மேலும் தாங்கும். கழற்றிய பிறகு ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவியால்தான் திறக்க வேண்டும். பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டிகளுக்கும் ஹைபிரிட் வண்டிகளுக்கும் கையேட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

மூன்று, கூலன்ட். கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். வெப்பமான ஊரிலிருந்து வாங்கி வந்த வண்டியில் யாராவது வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் எஞ்சின் பிளாக்கே பிளந்துவிடும். ஆயில் 0W வகையாக இருக்கட்டும். டாங்கை நிரப்பி வையுங்கள்.

நான்கு, ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விட்டால் போதும். ஒவ்வொரு ஐந்தரை டிகிரி இறக்கத்துக்கும் டயரில் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. குறையும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து, விமான நிலையத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டுமா? செஞ்சுரி பார்க்கிலிருந்து 747 பஸ் போகிறது. வண்டி வீட்டுப் பக்கத்திலேயே இருந்தால், திரும்பி வந்து தூங்கி எழுந்து, ஹீட்டர் போட்டு, சாவகாசமாக எடுக்கலாம். விமான நிலையத்தில்தான் விடுவேன் என்றால், ப்ளக் உள்ள இடம் இருக்கிறதா, பூஸ்ட் கொடுப்பார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள். நள்ளிரவில் மெல்லிய ஜாக்கெட்டோடு இறங்கி, செத்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது நீங்களாகத்தான் இருக்கும்.

"தெருவில் நிறுத்தியிருக்கேன், பனி அள்ள வந்தா வண்டியை எடுக்கணுமே" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயம். அதற்கு உரிமமும் காப்பீட்டில் இடமும் உள்ள நண்பரிடம் கேளுங்கள். அவர் எடுத்தால் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி வரட்டும். அதுதான் பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் உண்மையில் நல்லது. ஓட்டவே தெரியாத முதல் வருடப் பையனிடம் சாவி கொடுப்பது உதவி கேட்பது ஆகாது, வேலை வாங்குவது. அவன் மறுக்க மாட்டான். வந்த புதிதில் அவனுக்கு வீடு பார்த்துக் கொடுத்தது நீங்கள், ஏர்போர்ட்டில் கூட்டி வந்தது அதே கார். அந்த நன்றியை வைத்துத்தான் அவனை அந்தக் குளிரில் அனுப்புகிறோம். நாம் அதைப் பாசம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

2024 டிசம்பரில் மூன்று பேர் என்னிடம் சாவி நீட்டினார்கள். வாங்கவில்லை. ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போய் மூன்று வண்டிக்கும் வயரைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஜனவரியில் திரும்பி வந்து மாட்டினார்கள். இரண்டு வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பியது. மூன்றாவது ஏழு வருடக் கிழட்டு பேட்டரி, மாற்றச் சொன்னதை அவர் கேட்கவில்லை, பூஸ்ட் கொடுத்தோம். மூன்று வாரமும் யாரும் குளிரில் நடக்கவில்லை.

ஆகவே அண்ணன்மார்களே, இந்த வருடமும் பிரியாணிக்குக் கூப்பிடுங்கள், கட்டாயம் வருவேன். சாவியை மட்டும் நீட்டாதீர்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள், ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது.