முக்கோணத்தின் பத்தாம் புள்ளி

அணுவின் உட்கூறுகளை வடிவங்களாக வரைந்து காட்டுவார் பலர். வடிவம் அழகாயிருத்தலாலேயே அஃது உண்மையாகிவிடுமோ? ஆகாது என்பதற்குக் கெல்வினே சான்று. புகைவளையங்கள் குலையாமல் மிதத்தலைக் கண்ட அவர், ஈதர் என்னும் வெளிப்பொருளில் விழுந்த சுழல்முடிச்சுகளே அணுக்கள் என 1867-இல் அறிவித்தார். தனிமத்திற்கு ஒரு முடிச்சு! ஈதரே இல்லையென்றானபின் அக்கொள்கை வீழ்ந்தது. முடிச்சுக் கணக்கு மட்டும் பிழைத்து வாழ்கின்றது.

இனி, மற்றொரு வடிவத்தைக் காண்க. அமெரிக்கராகிய கெல்மானும் இசுரேல் படை அலுவலராகிய நேமானும், 1961-இல் தனித்தனியே, அணுத்துகள்களை மின்னூட்டம், அயன்மை என்னும் இரு பண்புகளால் வரிசைப்படுத்தினர். (சில துகள்கள் எதிர்பார்த்ததினும் நெடிது வாழ்வதை விளக்க வகுத்த எண்ணையே அயன்மை என்றோம்.) துகள்கள் எட்டெட்டாக அமைந்தமையின் 'எண்வழி' என விளையாட்டாகப் பெயரிட்டார் கெல்மான். அதனைப் புத்தர் அறத்தோடு முடிச்சிட்டு மயங்குவார் இன்றும் உளர். இரங்குவதன்றி வேறென் செய்வது?

ஒரு தொகுதி மட்டும் எட்டில் அடங்காது, பத்துக்கு இடமுள்ள முக்கோணமாயிற்று. மேல்வரிசையில் நான்கு, அதன்கீழ் மூன்று, அதன்கீழ் இரண்டு. கீழ்முனை வெறுமை! 1962-இல் செனீவா மாநாட்டில் நேமானும் பேசக் கையுயர்த்தினார், அழைக்கப்பெற்றவர் கெல்மான். அவர் பத்தாவது துகளின் பண்புகளைப் பலகையில் எழுதிக் காட்டினார்: மின்னூட்டம் −1, அயன்மை −3. வரிசைதோறும் நிறை ஏறத்தாழ ஒரே அளவாய் ஏறி வந்தமையின், நிறை நேர்மின்னியைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. 1964-இல் புரூக்கேவன் ஆய்வகத்தார், குமிழிக்கலத்தில் எடுத்த ஏறத்தாழ 1,00,000 படங்களைத் துருவி, ஒரு படத்தில் அதன் தடத்தைக் கண்டனர். அதுவே ஒமேகாத் துகள்.

கெல்வினின் வடிவம் எல்லாவற்றையும் விளக்க விரும்பிற்று. அளந்து தேர்தற்குரிய எண்ணொன்றும் ஈயவில்லை. கெல்மான் வடிவமோ 'ஈண்டு ஒன்று குறைகின்றது' எனச் சுட்டிற்று. பொய்த்திருப்பின் அன்றே மடிந்திருக்கும். இற்றை இழைக்கொள்கையாரையும் இவ்வுரைகல்லிலேயே உரைத்தல் வேண்டும்.

ஆசிரியத் தோழர்களே! வகுப்பில் நாம் நிரம்பிய படத்தையே காட்டுகின்றோம், வெற்றிடத்தைக் காட்டுகின்றோமில்லை. இம்முக்கோணம் எதனால் அமைந்ததென்பதற்குக் கெல்மானும் சுவெய்கும் 1964-இலேயே விடை தந்தனர்: மூவகைக் குவார்க்குகளிலிருந்து மும்மூன்றாய்ச் சேர்க்கும் சேர்க்கைகள் பத்து. குன்றிமணி, புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை போதும். மும்மூன்றாய்ச் சேர்க்கச் செய்து, வேப்பங்கொட்டை இல்லாத நான்கை மேலும், ஒன்றுள்ள மூன்றை அடுத்தும், இரண்டுள்ள இரண்டை அதன்கீழும் அடுக்குங்கள். மூன்றும் வேப்பங்கொட்டையாகிய ஒன்றை மட்டும் கைக்குள் மறைத்துக்கொண்டு, என்ன குறைகின்றது என்று மாணவரைக் கேளுங்கள்.