காசும் கேஷும்

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழின் 'காசு' என்பதிலிருந்தே பிறந்தது என்று நம்மிடையே பெருமிதத்தோடு சொல்லப்படுவதுண்டு. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்திருப்பதால் அந்த நம்பிக்கை எளிதில் வேரூன்றியிருப்பினும், சொல்லின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. உரோமானியர் ஏட்டுச் சுருள்களை இட்டு வைத்த பெட்டிக்கு இலத்தீனில் 'காப்சா' என்று பெயர். அது இத்தாலியத்தில் 'காஸ்ஸா'வாகவும் பிரெஞ்சில் 'கெஸ்' ஆகவும் திரிந்து, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது பணப்பெட்டியை உணர்த்தி, பின்னர் அப்பெட்டியில் உள்ள பணத்திற்கே பெயராயிற்று. மருந்தை உள்ளடக்கிய 'கேப்சூல்' என்பதும் அந்தப் பெட்டியின் வழிவந்ததே.

ஆயினும் ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' உண்டு; தமிழர் உரிமையோடு சுட்டத்தக்கது அதுவே. சிறுமதிப்புள்ள நாணயத்தைக் குறிக்கும் அச்சொல், தமிழ்க் 'காசு' போர்த்துக்கீசியர் நாவில் 'காய்ஷா' ஆகி, அவர்கள் மொழியில் பெட்டிக்கு முன்பே வழங்கிய சொல்லோடு ஒன்றுபட்டு, அங்கிருந்து ஆங்கிலேயரை அடைந்தது என்பதை 1886இல் வெளிவந்த 'ஆப்சன்-ஜாப்சன்' அகராதி பதிவு செய்துள்ளது. (காசு என்பதையே வடமொழிக் 'கர்ஷ'த்தோடு இணைப்பாரும் உளர், அது தனி வழக்கு.) முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பொன் நாணயமாக விளங்கிய காசு, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் செப்புச் சல்லியாகச் சுருங்கியிருந்தது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் முறை வரும்வரை நீடித்த அக்கணக்கிற்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் 'கேஷ்' என்று பொறித்தே நாணயங்கள் அடிக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதியை ஏற்றிச்சென்ற 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் குட்வின் மணல்திட்டில் உடைந்து மூழ்கியதால், தமிழ்ப் பெயர் தாங்கிய அக்காசுகள் ஆங்கிலேயக் கரையோரக் கடலடியிலேயே நெடுங்காலம் தங்கியிருந்தன.

வியப்புக்குரியது சீன நாட்டுத் தொடர்பு. நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்தை ஐரோப்பிய வணிகர் 'கேஷ்' என்னும் இதே பெயரால் அழைக்கத் தொடங்கினர். சீனரோ அதைத் தம் மொழியில் 'ச்சியென்' என்றும் 'வென்' என்றும் வழங்கினர். நாணயவியல் நூல்களில் சீனக் காசு இன்றும் 'கேஷ்' என்றே குறிக்கப்படுகிறது. தென்னகத்திலும் காசு என்ற பெயர் நெடிது நிலைத்தது: திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்னும் கணக்கு 1949வரை புழக்கத்தில் இருந்தது.