கண் சொல்வதை நாக்கு கேட்கும்

பொம்மிடிப் பக்கம் வெல்லம் காய்ச்சி விற்கிற எங்களைப் போன்றவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது: "ஏங்க, வெல்லம் இவ்ளோ கருப்பா இருக்குதே, நல்லா இருக்குமா?" கேட்பவர் இன்னும் ஒரு துண்டு கூட வாயில் போட்டிருக்க மாட்டார். போட்ட பிறகும், "லேசா தீஞ்ச வாடை அடிக்குதுங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கண் முன்கூட்டியே சொல்லிவிட்டதை நாக்கு வழிமொழிகிறது.

பிரான்சில் போர்டோ பல்கலைக்கழகத்தில் திராட்சை மது பற்றிப் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளை மதுவில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு மதுவுக்குச் சொல்கிற வாசனைகளையே எழுதினார்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. வாசனை பிடிக்கப் பழகியவர்களுக்கே இந்தக் கதி என்றால், சந்தையில் அவசரமாக வாங்குகிறவரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் இதன் விளைவு சின்னதல்ல. மஞ்சளாக, பளிச்சென்று இருந்தால்தான் விலை என்றானதால் கொப்பரையில் ஹைட்ரோஸ் விழுகிறது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது சட்டம். சட்டத்தைவிட வாங்குபவர் கண்ணுக்குத்தான் பலம் அதிகம். வெண்டைத் தண்டுச் சாறு ஊற்றி அழுக்கெடுத்துக் காய்ச்சியவர், நிறத்துக்காக விலை குறைந்து நிற்கிறார்.

இதற்கு நம் ஆட்கள் பலர் சொல்லும் பதில், "கருப்பா இருந்தாத்தாங்க இயற்கை வெல்லம்". இது எனக்கு உடன்பாடில்லை. உப்புத் தண்ணீர் பாய்ந்த கரும்பு, தழைச்சத்து அதிகமான கரும்பு, பதம் தப்பிய பாகு, ஈரம் கோத்த சரக்கு எல்லாமே கருக்கும். மஞ்சளை நம்பி ஏமாந்தவரை கருப்பை நம்பி ஏமாற வைப்பது தீர்வாகாது. நாளைக்கே ஒரு வியாபாரி கருப்பாக்கியும் விற்பார்.

'இயற்கை' என்ற சொல்லும் ஒரு நிறம்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 115 பேருக்கு ஒரே தயிரையும் ஒரே பிஸ்கட்டையும் இரண்டிரண்டாக வைத்து, ஒன்றில் மட்டும் 'இயற்கை வேளாண்மை' என்று சீட்டு ஒட்டினார்கள். சீட்டு ஒட்டியதில் கலோரி குறைவு என்றார்கள். அதற்குக் கூட விலை தரவும் தயாரானார்கள். இந்த மயக்கம் நமக்குச் சாதகம் என்று சந்தோஷப்படலாமா? சீட்டு ஒட்ட யாராலும் முடியும். நம் சரக்கு சீட்டில்லாமலும் நிற்க வேண்டும்.

நம் வயலுக்கும் இது பொருந்தும். பஞ்சகவ்யா தெளித்த பாத்தி நமக்குப் பச்சையாகத்தான் தெரியும், தெளித்தது நாம்தானே. எந்தப் பாத்தி எது என்று சொல்லாமல் பக்கத்துக் காட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். அறுவடையைத் தனித்தனியாக எடை போட்டுக் குறித்து வையுங்கள். தராசுக்கு ஆசை கிடையாது.

சந்தையிலும் அப்படியே. இரண்டு வெல்லத்தையும் உடைத்து, எண் மட்டும் எழுதிய பொட்டலத்தில் வையுங்கள். எது யாருடையது என்று தெரியாத ஒருவர் கொடுக்கட்டும். வாங்குபவர் கண்ணை மூடிச் சுவைக்கட்டும். நம்முடையது ஜெயித்தால் அவர் கைவிட மாட்டார். தோற்றால், அடுத்த கொப்பரையில் பதம் பார்க்க நமக்கு வேலை இருக்கிறது.