அதிகாரி வீட்டுப் பிள்ளை

காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் வந்து நிற்கும் தனியார் பள்ளி மஞ்சள் வேனில் மகளை ஏற்றிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவர் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம் பள்ளியின் கழிப்பறையும் காலிப் பணியிடங்களும் எப்படி என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த வேனைப் பார்க்கும்போதெல்லாம் 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசுக்குப் பிறப்பித்த உத்தரவு நினைவுக்கு வருகிறது. அரசுச் சம்பளம் வாங்குவோர், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் எல்லாரும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும். தனியாரிடம் அனுப்பினால், அங்கே கட்டும் கட்டணத்துக்கு ஈடான தொகையை மாதாமாதம் அரசுக்கும் கட்ட வேண்டும் என்றார் நீதிபதி சுதிர் அகர்வால். அது காகிதத்தோடு நின்றுவிட்டது. கட்டாயப்படுத்தலாமா என்று வாதாடலாம். ஆனால் அவர் கைவைத்த இடம் சரியான இடம். 2011-இல் ஈரோடு ஆட்சியர் ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தபோது ஊரே திரும்பிப் பார்த்ததே, ஏன்? ஆட்சியர் பிள்ளை படிக்கிற பள்ளியில் குழாய் உடைந்தால் அன்றைக்கே ஆள் வரும். ஏழைப் பிள்ளைகள் மட்டும் படிக்கிற பள்ளியில் அது மனுவாகி, கோப்பாகி, அடுத்த கல்வியாண்டுக்குப் போய்விடும். கல்வி மானியக் கோரிக்கைக்குக் கை தூக்கும் சட்டமன்ற உறுப்பினர்களே, வரும் ஜூனில் உங்கள் பேரப்பிள்ளை ஒருவரையாவது உங்கள் தொகுதி அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.