புதுக் குஞ்சுகளைச் சேர்க்க அவசரம் வேண்டாம்

திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் புறக்கடையில் ஐந்தாறு கோழி வளர்ப்போர், புதிதாக வாங்கிய பான்டம் குஞ்சுகளை இரவில் பழைய கூட்டில் விட்டால் விடிவதற்குள் சேர்ந்துவிடும் என்கிறார்கள். வளர்ந்த கோழிக்கு இது ஓரளவு பொருந்தலாம். குஞ்சுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. ஜாவாவின் பாந்தம் துறைமுகத்தால் பெயர் பெற்ற இவ்வினம் முழு வளர்ச்சியிலும் ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. அசில் பெட்டை ஒன்று கொத்தி இரத்தம் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும்.

கொத்தைவிட அஞ்சத்தக்கது வெள்ளைக்கழிச்சல். சந்தைக் குஞ்சு நோயைச் சுமந்து வந்தால் இருக்கும் கோழிகளும் போய்விடும். ஆகவே தனி இடம், தனித் தட்டு. பழைய கோழிகளைக் கவனித்த பிறகே குஞ்சுகளிடம் செல்லவும். 7-ஆம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் தடுப்பூசி. அதற்கு மேலும் 2 வாரம் சென்ற பின்னரே சேர்க்கும் பேச்சு.

முதலில் பகலில் பஞ்சாரத்தால் மூடி முற்றத்தில் வைத்தால் ஒன்றையொன்று பார்த்துப் பழகும். இராயபுரத்தில் முற்றம் ஏது என்பீர்கள். காசிமேட்டுப் பழைய வலையால் ஒரு மூலையைத் தடுத்தாலும் போதும். மெல்லிய நைலான் வலை காலைச் சுற்றும், அது வேண்டாம். பத்து நாள் கழித்துத் திறந்துவிடும்போது தீவனமும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். பலகையைச் சாய்த்து, சிறியவை மட்டும் நுழையும் இடுக்கு ஒன்றும் அமைத்திடுக. முட்டைக்கோழித் தீவனத்தின் மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனமே கொடுத்து, முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனியே வைக்கவும்.